காட்டிலிருந்து கன்னியர் மடத்துக்கு: ஒரு சிறுமியிடம் யாரும் கேட்காத கேள்வி

ஆசிரியர் கலாசாலையில் கல்வி உளவியல் படித்தவர்களுக்கு கமலா, அமலா என்ற இரு பெயர்கள் மறந்திருக்காது. 'பரம்பரையும் சூழலும்' என்ற பாடம் வந்தால் அவர்களும் வந்துவிடுவார்கள். 1920ஆம் ஆண்டு வங்காளத்தின் மிட்னாப்பூர்ப் பகுதியில் ஓநாய்களிடமிருந்து மீட்கப்பட்டவர்கள் என்றும், நான்கு காலில் நடந்தவர்கள், பச்சை இறைச்சி தின்றவர்கள், இரவில் ஊளையிட்டவர்கள் என்றும் படித்தோம். அமலா 1921இலும் கமலா 1929இலும் இறந்துபோனார்கள். பரீட்சையில் இதை எழுதிப் புள்ளியும் பெற்றோம்.

ஆனால் அந்தக் கதைக்கு இருந்த முக்கிய ஆதாரம், அநாதை இல்லத்தை நடத்திய கிறிஸ்தவப் பாதிரியார் சிங் என்பவரின் நாட்குறிப்பு மட்டுமே. பிரான்ஸைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணரான செர்ஜ் அரோல், பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து, அது ஒரு புனைவு என்று 2007இல் வெளிவந்த தனது நூலில் வாதிட்டார். இன்று ஆய்வாளர்கள் பலர் அதனை நம்பத் தயங்குகின்றனர்.

அப்படியாயின் காட்டில் வளர்ந்து மதக் கல்வி நிலையத்துக்குள் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் பற்றிய கதைகள் எல்லாமே கட்டுக்கதைகளா? இல்லை. ஞானஸ்நானப் பதிவு, வைத்தியசாலைப் பதிவு, அக்காலப் பத்திரிகைச் செய்தி, நேரில் பேசியவர்களின் எழுத்து எனப் பல வழிகளிலும் உறுதிப்படுத்தப்பட்ட ஒரு பெண்ணின் வரலாறு இருக்கிறது. ஆசிரியர்கள், மத்ரஸா உஸ்தாத்மார், பிள்ளைகளை விடுதிகளில் சேர்க்கும் பெற்றோர் ஆகிய மூன்று தரப்பினரும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

சோன்ஜி கிராமத்துக்கு வந்தவள்

1731ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். பிரான்ஸின் ஷாம்பெய்ன் மாநிலத்தில் ஷாலோன் நகருக்கு அருகிலுள்ள சோன்ஜி என்ற சிறு கிராமம். பொழுது சாயும் நேரம் ஒரு பெண்பிள்ளை ஊருக்குள் வந்தாள். உடம்பில் கந்தலும் மிருகத் தோலும். வெறுங்கால். கையில் ஒரு தடி. தாகம் அவளை அங்கு கொண்டுவந்திருந்தது.

ஊரார் அவளைக் கண்டு சாத்தான் வந்துவிட்டதாகக் கூச்சலிட்டுக் கதவுகளை அடைத்தார்கள். கழுத்தில் முள்பட்டி கட்டிய பெரிய நாய் ஒன்றை அவள்மீது ஏவிவிட்டார்கள். அவள் ஓடவில்லை. நாய் நெருங்கும்வரை நின்று, தடியால் ஒரே அடியில் அதைக் கொன்றாள். பின்னர் மரமொன்றில் ஏறி உறங்கிப்போனாள். மரத்தடியில் தண்ணீர் வாளி ஒன்றை வைத்துத்தான் அவளை இறக்கிப் பிடித்தார்கள்.

வயது ஒன்பது, பத்து இருக்கும் என்கிறது ஒரு குறிப்பு. பதினெட்டு என்கிறது அதே ஆண்டில் வந்த பத்திரிகைச் செய்தி. பேசத் தெரியாது, தொண்டையிலிருந்து ஒரு கூச்சல் மட்டுமே வந்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்தவை ஏராளம். மரத்துக்கு மரம் தாவுவாள். குளிர்ந்த ஆற்றில் நீந்தி மீன் பிடிப்பாள். முயலைத் துரத்திப் பிடிக்குமளவு ஓடுவாள். எந்தக் கிழங்கை எங்கே தோண்டுவது என்று அறிவாள். பெரிய வைத்தியமும் பார்த்திருக்கிறாள். அதைப் பின்னர் சொல்கிறேன்.

பிரதேசப் பிரபு அவளைத் தனது மாளிகைச் சமையலறைக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்து ஆட்டு இடையன் ஒருவனின் வீட்டில் வைத்தார்கள். ஊரார் அவளுக்குச் சூட்டிய பெயர் 'இடையனின் மிருகம்'.

பிரபுவின் விருந்தொன்றில் நடந்த சம்பவம் மிக முக்கியமானது. மேசையில் தனக்குப் பிடித்த உணவு எதுவும் இல்லாததைக் கண்ட அவள் வெளியே ஓடினாள். சற்று நேரத்தில் மடி நிறைய உயிருள்ள தவளைகளோடு திரும்பிவந்து விருந்தினரின் தட்டுகளில் அள்ளிப் போட்டாள். பெரிய மனிதர்கள் அலறியடித்து எழுந்தார்கள். எல்லோரும் இதைக் காட்டுத்தனம் என்றே பார்த்தார்கள். ஆனால் ஒரு ஆசிரியரின் கண்ணால் பாருங்கள். தனக்குக் கிடைத்த நல்ல உணவைப் பிறரோடு பங்கிட வந்த பிள்ளை அவள். விருந்தோம்பல் அவளிடம் இருந்தது. மேசை ஒழுங்கு மட்டுமே இருக்கவில்லை.

மடத்தின் மதிலுக்குள்

1731ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் அவள் ஷாலோன் நகரிலிருந்த கிறிஸ்தவப் பராமரிப்பு இல்லமொன்றுக்கு மாற்றப்பட்டாள். 1732 ஜூன் 16ஆம் திகதி ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. காட்டிலிருந்து வந்து ஒன்பது மாதங்களே ஆகியிருந்தன. மரி-ஆஞ்ஜெலிக் மெம்மி என்று பெயரிட்டார்கள். மெம்மி என்பது அந்நகரின் முதலாவது ஆயராகக் கருதப்படும் புனிதரின் பெயர். லு ப்ளான் என்ற குடும்பப் பெயரும் சேர்ந்துகொண்டது. அதன் பின்னர் அவளது வாழ்க்கையின் பல ஆண்டுகள் கன்னியர் மடங்களிலேயே கழிந்தன.

அக்காலக் கன்னியர் மடம் என்றால் என்ன என்பதை எமது வாசகர்கள் ஊகிக்கலாம். மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் தொழ வேண்டும், மணி அடித்தால் உண்ண வேண்டும். மௌனம், தையல், வாசிப்பு, உயர்ந்த மதில். ஆறும் மரமும் வீடாக இருந்தவள் அதற்குள் வந்தாள்.

உணவே முதலில் பிரச்சினையானது. பச்சையாக உண்டு பழகிய வயிறு உப்பிட்டுச் சமைத்த உணவையும் ரொட்டியையும் ஏற்கவில்லை. கடும் வயிற்று நோவு வந்தது. அக்கால வைத்திய முறைப்படி உடலிலிருந்து இரத்தத்தை வெளியேற்றினார்கள். பல்லும் நகமும் விழுந்தன. விழுந்தவற்றை ஓர் அதிசயப் பொருளாகச் சிலர் சேகரித்து வைத்தார்களாம். மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டாள். ஆனால் முன்னைய உடல் வலிமை ஒருபோதும் திரும்பவில்லை.

அவளை அங்கு வைத்திருந்தவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது அநீதி. ஆயர் அவள்மீது அக்கறை காட்டினார். போலந்து அரசியாக இருந்தவர் அவளைச் சந்தித்து வேட்டைக்கும் அழைத்துச் சென்றார். ஓர்லியன்ஸ் கோமகன் அவளது செலவைப் பொறுப்பேற்றார். கன்னியாஸ்திரிகள் அவளுக்கு மொழி கற்பித்தார்கள், எழுத்தறிவு கொடுத்தார்கள், நோயில் பராமரித்தார்கள். அவள் மதத்தை வெறுத்து ஓடவும் இல்லை. வளர்ந்த பின் தானும் ஒரு கன்னியாஸ்திரியாக வேண்டும் என்றே விரும்பினாள். பாரிஸ் அருகே ஒரு மடத்தில் அதற்காகக் காத்திருந்தபோது ஜன்னலொன்று தலையில் விழுந்து காயமடைந்தாள். 1752இல் கோமகனும் இறந்துவிட, ஆதரவின்றி நோயாளியாக நின்றாள். அந்த விருப்பம் நிறைவேறவே இல்லை.

ஆகவே 'கொடிய மடம், பாவம் சிறுமி' என்று இக்கதையை எளிதாக முடிக்க முடியாது. கற்பித்தவர்களிடம் நல்லெண்ணம் இருந்தது. கற்றவளிடம் ஈமானுக்கான தாகம் இருந்தது. பிறகு எங்கே தவறியது?

தவறிய இடம்

அவர்கள் அவளை ஒரு வெற்றுப் பலகையாகக் கருதினார்கள். எழுதுவதற்கு முன் அதில் ஏற்கெனவே ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவில்லை.

ஹெக்கே என்ற பெண்மணி மெம்மியை நேரில் விசாரித்து எழுதிய நூல் 1755இல் பாரிஸில் வெளிவந்தது. அதற்குள் அவர் காட்டிலிருந்து வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நூலாசிரியை வெவ்வேறு கேள்விகள் கேட்டு, கனடாவின் பழங்குடி மக்களுடைய பொம்மைகளையெல்லாம் காட்டி, எந்த நாட்டவர் என்று கண்டுபிடிக்க முயன்றார். எஸ்கிமோ இனத்தவராக இருக்கலாம் என்று எண்ணினார். 1765இல் ஸ்கொட்லாந்து நீதிபதி மொன்போடோ பாரிஸ் வந்து அவரைச் சந்தித்தார். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்: நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள்? அப்போது மெம்மிக்குக் கடல் பயணம் பற்றிய சில மங்கலான நினைவுகள் மட்டுமே எஞ்சியிருந்தன. சிறுவயது மொழி பெரும்பாலும் அழிந்துபோயிருந்தது.

அவர் வட அமெரிக்காவின் மெஸ்குவாக்கி எனும் பழங்குடியைச் சேர்ந்தவர், கப்பலில் பிரான்ஸுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பிச் சுமார் பத்து ஆண்டுகள் காடுகளில் வாழ்ந்தவர் என்பது செர்ஜ் அரோல் ஆவணங்களிலிருந்து எட்டிய முடிவு. அது சரியானால், சோன்ஜியில் மரத்திலிருந்து இறக்கப்பட்டவள் மிருகமல்ல. தாய் தந்தை இருந்த, மொழி இருந்த, சமூகம் இருந்த, அவை அனைத்தையும் இழந்து தனித்துப்போன ஒரு பிள்ளை.

இதற்கு ஆதரவான சான்று அவளது கற்றலிலேயே இருக்கிறது. 1800ஆம் ஆண்டு பிரான்ஸின் அவெய்ரோன் பகுதியில் காட்டிலிருந்து ஒரு சிறுவன் கிடைத்தான். விக்டர் என்று பெயரிட்டார்கள். இதார் எனும் இளம் வைத்தியர் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பொறுமையாகப் பாடுபட்டும் அவனைப் பேசவைக்க முடியவில்லை. 1828இல் இறக்கும்வரை அவன் மொழி பெறவே இல்லை. மெம்மியோ சரளமாகப் பிரெஞ்சு பேசினாள், வாசிக்கவும் எழுதவும் கற்றாள். குழந்தைப் பருவத்தில் ஏதாவது ஒரு மொழி மூளையில் வேரூன்றியிருந்தால்தான் பின்னர் இன்னொரு மொழி எளிதில் வரும் என்பது இன்று மொழியியலாளர் பலரின் கருத்து. அதன்படி, கன்னியாஸ்திரிகள் பெற்ற வெற்றிக்கு அத்திவாரம் இட்டவர் யாரென்று தெரியாத ஒரு தாய். அவர் தன் பிள்ளையை என்ன பெயர் சொல்லி அழைத்தார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

செபமாலையும் தவளைத் தோலும்

முன்னர் குறிப்பிட்ட வைத்தியம் இதுதான். காட்டில் மெம்மி தனியாக இருக்கவில்லை. இன்னொரு பெண்பிள்ளையும் கூட இருந்தாள். ஊருக்குள் வருவதற்குச் சற்று முன்னர், வழிப்போக்கர் எவரோ தவறவிட்ட செபமாலையொன்று நிலத்தில் கிடந்தது. எமது தஸ்பீஹ் மணி போன்ற ஒன்று. அது என்னவென்று இருவருக்கும் தெரியாது. பளபளத்தது, இருவரும் விரும்பினர், சண்டை மூண்டது. மெம்மி தடியால் தோழியின் தலையில் அடித்துவிட்டாள். இரத்தம் கொட்டியது. உடனே மனம் பதறி, தவளையொன்றைப் பிடித்து உரித்து, அந்தத் தோலைக் காயத்தில் ஒட்டி, மரப்பட்டை நாரால் கட்டினாள். அதன் பின்னர் இருவரும் பிரிந்தார்கள். ஹெக்கேயின் நூல் தரும் விவரம் இது.

இந்தச் சம்பவத்தை எண்ணிப் பார்க்கையில் மனம் கனக்கிறது. பொருள் விளங்காத மார்க்கச் சின்னம் அங்கே சண்டைக்கே காரணமாயிற்று. ஆனால் எவரும் கற்பிக்காமலே இரக்கமும் வருத்தமும் பரிகாரமும் அந்தப் பிள்ளையிடமிருந்து வெளிப்பட்டன. ஒவ்வொரு குழந்தையும் இயற்கையான தூய நிலையில், அதாவது பித்ராவில் பிறக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் எத்தனை தடவை பயானில் கேட்டிருக்கிறோம். தவளைத் தோலால் காயம் கட்டிய அந்தக் கையில் அதைக் காணலாம். மார்க்கக் கல்வி இந்த இடத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்: "நீ இரக்கப்பட்டாயே, அந்த இரக்கத்தை உன் உள்ளத்தில் வைத்தவன் யார் தெரியுமா?"

இப்னு துபைல் காட்டிய வரிசை

ஐரோப்பா இக்கேள்வியைச் சந்திப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே முஸ்லிம் அறிஞர் ஒருவர் இதைக் கதையாக எழுதிவிட்டார். அந்தலூஸின் மருத்துவரும் மெய்யியலாளருமான இப்னு துபைல் (மறைவு 1185) எழுதிய ஹய் இப்னு யக்ளான். ஆளற்ற தீவில் மான் ஒன்று பாலூட்டி வளர்த்த பிள்ளை ஹய். மொழியின்றி, ஆசிரியரின்றி, பார்த்தும் சிந்தித்தும் படைத்தவன் ஒருவன் உண்டு என்ற முடிவுக்கு வருகிறான். 1671இல் இலத்தீனிலும் 1708இல் நேரடியாக அரபியிலிருந்து ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்களால் விரும்பி வாசிக்கப்பட்ட நூல் அது.

வேறொரு தீவிலிருந்து மார்க்கப் பற்றுள்ள அப்ஸால் அங்கு வருகிறார். அவர் என்ன செய்கிறார் என்ற வரிசையைக் கவனியுங்கள். முதலில் பொருட்களைச் சுட்டிக்காட்டி மொழி கற்பிக்கிறார். இரண்டாவதாக, "நீ யார், இந்நிலைக்கு எப்படி வந்தாய்?" என்று விசாரித்து ஹய் சொல்வதைக் கேட்கிறார். அதன் பிறகுதான் வேதத்தையும் தொழுகை, நோன்பு, ஸகாத், ஹஜ் ஆகியவற்றையும் எடுத்துச் சொல்கிறார். ஹய் மனமுவந்து ஏற்றுக்கொள்கிறான். தான் தனியே கண்டதற்கும் வஹியாக வந்ததற்கும் முரண்பாடு இல்லை என்று அவனுக்கு விளங்குகிறது.

மொழி, பிறகு கேட்டறிதல், பிறகு மார்க்கம். மெம்மியின் விடயத்தில் நடுவிலுள்ள படி விடுபட்டது.

எமது விடுதிகளில் உள்ள பிள்ளைகள்

எமது பிள்ளைகள் காட்டிலிருந்து வருபவர்கள் அல்லர். ஆனால் பத்து, பன்னிரண்டு வயதில் உம்மாவை விட்டு ஹிப்ழு மத்ரஸா விடுதிக்கு வரும் பிள்ளைக்கு முதல் வாரம் எப்படியிருக்கும்? எழும் நேரம் வேறு. உணவு வேறு. உடை வேறு. கடற்கரையில் வலையிழுத்துத் திரிந்த பிள்ளை, வயலில் மாட்டுக்குப் பின்னால் ஓடிய பிள்ளை, நாளொன்றுக்குப் பல மணி நேரம் அசையாமல் அமர வேண்டும். அமர முடியாவிட்டால் அவனுக்கு நாம் வைக்கும் பெயர் என்ன? "ஷைத்தான் புள்ள". சோன்ஜி மக்கள் கதவை அடைத்துக்கொண்டு கத்திய அதே வார்த்தை.

எனது வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கூட்டல் கழித்தலில் புள்ளியே வராது. அவன் மூத்தப்பாவோடு மாட்டுப் பட்டியில் வளர்ந்தவன் என்பது ஒருநாள் பேச்சுவாக்கில் தெரியவந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட மாடுகளில் எது குறைகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வான். எது சினை, எது கறவை என்பதெல்லாம் கணக்காக வைத்திருந்தான். மாட்டைக் கொண்டே கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு தவணையில் ஏனைய பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டான். அறிவு அவனிடம் முன்பே இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் என் வேலையாக இருந்தது.

மார்க்கக் கல்வி வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல எமது கேள்வி. ஒழுங்கும் கட்டுப்பாடும் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. குர்ஆனை மனனமிட உழைப்பு வேண்டும். உழைப்புக்கு ஒழுங்கு வேண்டும். கேள்வி எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதே. பாலைவன வாழ்விலிருந்து புதிதாக இஸ்லாத்துக்கு வந்த முஆவியா இப்னுல் ஹகம் (ரழி) அவர்கள், தொழுகையின் நடுவே தும்மியவருக்குச் சத்தமாகப் பதில் துஆ சொல்லிவிட்டார்கள். ஸஃபில் நின்றவர்கள் முறைத்தார்கள், தொடையில் தட்டினார்கள். தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் திட்டவில்லை, அடிக்கவில்லை, கடிந்துகொள்ளவில்லை. தொழுகை எதற்கானது என்று விளக்கினார்கள், அவ்வளவுதான். அதைவிடச் சிறந்த ஆசிரியரைத் தாம் கண்டதில்லை என்று அந்த ஸஹாபி பிற்காலத்தில் அறிவித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. முறைத்தவர்களின் வழியும் அந்த ஸஃபிலேயே இருந்தது. நபியவர்களின் வழியும் அங்கேயே இருந்தது. எமது விடுதிகள் எந்த வழியைப் பின்பற்றுகின்றன?

செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. புதிதாக வரும் பிள்ளையோடு உஸ்தாத் ஒருவர் அமர்ந்து, "ஊரில் என்ன செய்வாய், என்ன சாப்பிடுவாய், எதற்குப் பயம், யாரைத் தேடுகிறாய்" என்று அரைமணி நேரம் கேட்கலாம். கேட்டதை எழுதி வைக்கலாம். முதல் மாதத்தில் மனனத்தின் அளவைக் குறைத்து, ஓடி விளையாட நேரம் கூட்டலாம். பிள்ளை உம்மாவோடு பேசுவதை ஒரு சலுகையாக வைத்திருந்து, குறும்பு செய்தால் நிறுத்தும் வழக்கத்தைக் கைவிடலாம். மதில் ஏறிக் குதித்து வீட்டுக்கு ஓடிய பிள்ளையைப் பிடித்து வந்து தண்டிப்பதற்கு முன், எதைவிட்டு ஓடினான் என்று விசாரிக்கலாம். பெற்றோரும் மத்ரஸாவில் சேர்க்கும் நாளில் கட்டணத்தையும் உடையையும் மட்டும் கேட்காமல், "புதிய பிள்ளை அழுதால் இங்கே என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வைத்திருக்கும் இடத்தில் பிள்ளையை நம்பி விடலாம்.

மெம்மி 1775 டிசம்பர் 15ஆம் திகதி பாரிஸில் காலமானார். தடியோடு வந்த பிள்ளை வாசிக்கவும் எழுதவும் தெரிந்த, பக்தியுள்ள பெண்மணியாக இறந்தது ஒரு சாதனைதான். ஆனால் அதற்காக அவர் தனது உடல்நலத்தையும் முதல் மொழியையும் விலையாகக் கொடுத்தார். அத்தனை பெரிய விலையை எந்தப் பிள்ளையிடமும் மார்க்கம் கேட்கவில்லை. அடுத்த தவணை விடுதிக் கதவுகள் திறக்கும்போது உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும், ஓதக் கொடுப்பதற்கு முன், அவனுடைய கதையைக் கேட்போம்.